கிறிஸ்தவர் அல்லாதவர் சர்ச்சுக்குள் போய்ச் சும்மா உட்காரலாமா?

"நான் இந்து. மனசு சரியில்லாதபோது சர்ச்சுக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்காரலாமா, யாராவது ஏதாவது கேட்பார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். நானும் இந்துதான், கோவை மாவட்டத்தில் சோமனூர்ப் பக்கம், விசைத்தறிக் குடும்பம்.

2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு எங்கள் பகுதியில் தறிகள் நின்று கிடந்தன. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்திலேயே தூங்கி எழுந்தவளுக்கு அந்த அமைதி வயிற்றைப் பிசைந்தது, கூடவே பையனின் ஃபீஸ், நகைக்கடன் வட்டி என்று வரிசையாக நின்றன. ஒருநாள் மத்தியானம் பேங்க் வேலை முடிந்து கருமத்தம்பட்டியில் பஸ்ஸுக்கு நின்றவள், வீட்டுக்குப் போக மனசே வராமல் ஜெபமாலை அன்னை ஆலயத்துக்குள் போய்விட்டேன். 17ஆம் நூற்றாண்டிலிருந்து வழிபாடு நடக்கிற இடம், 2019இல் பசிலிக்கா என்று, அதாவது போப் தரும் சிறப்புத் தகுதிக்கு, உயர்த்தினார்கள். எங்களுக்கு அது மாதா கோயில், அவ்வளவுதான்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்தார். "ஏனம்மிணி, புழுங்குதா?" என்று கேட்டுவிட்டு, என் தலைக்கு மேலிருந்த ஃபேனைப் போட்டுவிட்டுப் பெருக்கப் போய்விட்டார். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எதற்கு வந்தாய், எதுவும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் முதல் இரண்டு கேள்வியிலேயே சாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் அவர் கேட்காமல் போனது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியும். முக்கால் மணி நேரம் அழுதேன், ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது.

கூட்டமான நம் கோயில்களில் சன்னதியில் சாமியைக் கும்பிட்டதும் நகர வேண்டும், பின்னால் வரிசை நிற்கும். இங்கே உட்காருவதற்கென்றே பெஞ்ச் போட்டிருக்கிறார்கள். ஆனால் பெஞ்ச் மட்டும் போதாது. வேறொரு ஊரில் ஒரு சர்ச் வாசலில் என்னை நிறுத்தி "நீங்க எந்தப் பங்கு?" என்று கேட்டார்கள். பங்கு என்றால் அந்தக் கோயிலுக்கு உட்பட்ட சபை என்று எனக்கு அப்போது தெரியாது, முழித்தேன், அவர் முகம் மாறியது, திரும்பி வந்துவிட்டேன். கட்டடம் அதேபோலத்தான் இருந்தது, கதவும் திறந்துதான் இருந்தது.

உள்ளே இருக்கிற ஆட்களைப் பொறுத்ததுதான் எல்லாம், அதனால்தான் எங்கள் மாதா கோயிலில் பார்த்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலில் இருந்து வடக்கத்திப் பெண்கள் சிலர் வருவதைப் பார்த்திருக்கிறேன். தமிழ் தெரியாது. ஆனால் ஜெபமாலைக்குக் கணக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான், ஐந்து பத்து மணிகள், தொடக்கத்தில் மூன்று, மொத்தம் 53 முறை "அருள் நிறைந்த மரியே" என்ற ஜெபம். பக்கத்தில் பாட்டிகள் தமிழில் சொல்ல, இந்தப் பிள்ளைகள் தங்கள் பாஷையில் முணுமுணுத்துக்கொண்டு மணியை நகர்த்துவார்கள், ஏறக்குறைய ஒன்றாகவே முடிப்பார்கள். ஒரு நாள் அதில் ஒருத்திக்கு உட்கார இடமில்லை, ஒரு பாட்டி பேசாமல் தன் கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

சரி, போகும்போது தெரிந்திருக்க வேண்டியது. செருப்பு விஷயத்தில் வாசலைப் பாருங்கள், மற்றவர்கள் கழற்றியிருந்தால் கழற்றுங்கள். பூசை நடக்கும்போது போனால் பின்னால் உட்காருங்கள், அவர்கள் முழங்கால் போட்டால் நீங்களும் போட வேண்டியதில்லை. நன்மை, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பம், வாங்க எல்லோரும் எழுந்து வரிசையில் போவார்கள், அதற்கு மட்டும் போகாதீர்கள், அது திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்று அதற்கான தயாரிப்பும் முடித்தவர்களுக்கு உரியது, அந்த நேரத்தில் பெஞ்சிலேயே இருந்தால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். பீடத்தின் மேல் ஏறக்கூடாது. சிஎஸ்ஐ என்ற தென்னிந்தியத் திருச்சபையின் (கத்தோலிக்கம் அல்லாத) ஆலயங்கள் பல வார நாட்களில் பூட்டியிருக்கும், ஈரோடு பன்னீர்செல்வம் பூங்கா பக்கத்துப் பிரப் ஆலயம் மாதிரி இடங்களுக்கு ஞாயிறு ஆராதனை நேரத்தில் போவது நல்லது. அக்டோபர் ஜெபமாலை மாதம், கருமத்தம்பட்டியில் அப்போது கூட்டம் அதிகம், தனியாக உட்காரத்தான் என்றால் வேறு மாதம் பாருங்கள்.

மதம் மாறச் சொல்வார்களோ என்ற பயம் உங்கள் கேள்விக்குள் இருப்பது போலத் தெரிகிறது. இத்தனை வருடமாகப் போகிறேன், என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் கம்பம் நட்டால் குடத்தோடு தண்ணீர் ஊற்ற நிற்பவள்தான் நான், இது ஃபேன் போட்டுவிட்ட அந்த அம்மாவுக்கும் தெரியும், பொங்கல் எப்போது என்று அவரே கேட்பார்.