பழைய வி.எச்.எஸ். விசிஆரில் கேசட் நாலைந்து விநாடி ஓடி நின்றுவிடுகிறது. டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் மோட்டார் போய்விட்டதா?

மோட்டாரைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். 2016 ஜூலையில் ஃபுனாய் தயாரிப்பை நிறுத்தியதோடு விசிஆர் உற்பத்தியே முடிந்துவிட்டது. இப்போது கிடைக்கும் மோட்டார் பெரும்பாலும் இன்னொரு செத்த மெஷினில் கழற்றியதுதான்.

"நாலைந்து விநாடி" என்கிறீர்களே, அதுதான் துப்பு. பிளே ஆனதும் டிரம்மும் (படத்தைப் படிக்கும் ஹெட் பொருத்திய உருளை) ரீலும் சுற்றுகின்றனவா என்று உள்ளே இருக்கும் கண்ட்ரோல் ஐ.சி. சென்சார் பல்ஸ்களைக் கவனிக்கும். சில விநாடி பல்ஸ் வராவிட்டால், டேப் குவிந்து கசங்கக் கூடாதென்று தானே நிறுத்திவிடும். ஆகவே எது சுற்றவில்லை என்பதை முதலில் கண்ணால் பாருங்கள்.

மேல்மூடியைக் கழற்றி, வீணானாலும் பரவாயில்லை என்கிற கேசட்டைப் போடுங்கள். பவர் சப்ளை பக்கம் கை போகக் கூடாது. 230 வோல்ட் மெயினில் அங்குள்ள பெரிய கண்டன்சரில் 325 வோல்ட் டிசி வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். கேசட் மேல் ஒரு அட்டையை வைத்து வெளிச்சத்தை மறையுங்கள். டேப் முடிவதை அறியும் சென்சார் இன்ஃப்ராரெட்டில் வேலை செய்வது. வெயிலோ குண்டு பல்போ நேரே பட்டால் மெஷின் குழம்பி நின்றுவிடும், இல்லாத பழுதைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது பிளே போட்டு வலது ரீலைப் பாருங்கள். கேப்ஸ்டன் சுற்றி, அதோடு டேப்பை அழுத்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர் டேப்பை இழுத்துத் தள்ளுகிறது, ஆனால் வலது ரீல் சும்மா நிற்கிறது, டேப் வளையமாக வெளியே வழிகிறது என்றால் மோட்டாரில் குறையே இல்லை. பெரும்பாலான மெஷின்களில் கேப்ஸ்டன் மோட்டார்தான் பெல்ட், ஐட்லர் (சுழற்சியைக் கடத்தும் சின்னச் சக்கரம்) வழியாக ரீலையும் சுற்றும். ஐட்லரின் ரப்பர் டயர் பளபளத்து வழுக்கும், பெல்ட் தளர்ந்திருக்கும். நான் பார்த்தவரை இந்த அறிகுறிக்கு இதுதான் பொதுவான காரணம். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்தால் கொஞ்ச நாள் ஓடும். நிரந்தரத் தீர்வு புது ரப்பர்தான். பழைய பெல்ட்டை அளந்து அதே அளவில் வாங்காதீர்கள், அது நீண்டு போயிருக்கும். சுமார் 5 சதவீதம் சிறியதாக வாங்குங்கள்.

ரீலும் நன்றாகச் சுற்றுகிறது, ஆனாலும் நிற்கிறதா? ரீல் தட்டின் அடியில் கறுப்பும் பளபளப்பும் மாறி மாறி இருக்கும். அதற்குக் கீழே ஆப்டிகல் சென்சார். தூசி தட்டி, தட்டைக் கையால் மெதுவாகச் சுற்றியபடி சென்சார் அவுட்புட்டை மீட்டரில் பாருங்கள். ஏறி இறங்காமல் ஒரே வோல்ட்டேஜில் நின்றால் பழுது அங்கேதான்.

டிரம், பால் (PAL) என்ற டிவி முறையில், நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்ற வேண்டும். அது கிளம்பாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல் விளிம்பைத் தொட்டுச் சுழற்றிப் பாருங்கள், தடையில்லாமல் ஓட வேண்டும். ஓரத்தில் இருக்கும் ஹெட் முனையில் விரலோ துணியோ குறுக்கே இழுபடக் கூடாது. உடைந்தால் அதற்கு மாற்று தேடுவது மோட்டாரைவிடக் கஷ்டம்.

கேப்ஸ்டனே சுற்றவில்லை என்றாலும் உடனே கழற்றாதீர்கள். அதன் கனெக்டரில் மோட்டார் சப்ளையை அளங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்டை ஒட்டி இருக்கும், போர்டிலேயே அச்சிட்டிருப்பதும் உண்டு. நிற்கும்போது 12 காட்டி, கிளம்பும் கணத்தில் 8, 9 என்று சரிந்தால் பவர் சப்ளையின் செகண்டரி பக்க எலக்ட்ரோலிடிக் கண்டன்சர்கள் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். 5 வோல்ட் லைன் நன்றாக இருப்பதால் டிஸ்ப்ளே எரியும், அதை நம்பித்தான் பலர் பழியை மோட்டார்மீது போடுகிறார்கள்.

சப்ளை சரி என்றால்தான் மோட்டார். சில இடத்தில் நின்றால் கிளம்புகிறது, சில இடத்தில் வெறுமனே நடுங்குகிறது என்றால் மூன்று ஃபேஸில் (காயில் தொகுதியில்) ஒன்று வேலை செய்யவில்லை. பவர் இல்லாமல் காயில் முனைகளை இரண்டிரண்டாக அளங்கள். மூன்று சோடியும் ஒரே மாதிரி சில ஓம் காட்ட வேண்டும். காயில் சரியாக இருந்தால் காந்தத்தை உணரும் ஹால் சென்சாரையோ டிரைவர் ஐ.சி.யையோ பாருங்கள். அதற்கும் முன்னால், மோட்டார் போர்டிலுள்ள சின்ன எஸ்.எம்.டி. (போர்டின் மேற்பரப்பிலேயே சால்டர் செய்த) கண்டன்சர்களைக் கவனியுங்கள். கசிந்திருந்தால் சால்டரிங் அயர்ன் வைத்ததும் மீன் வாடை அடிக்கும். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது கூடுதல், 105 டிகிரி ரகம் போடுங்கள். கசிவு அரித்த டிராக்கையும் சுத்தம் செய்யுங்கள்.

மோட்டார் நிற்காமல் பறக்கிறது, ஆட்கள் கீச்சுக் குரலில் பேசுகிறார்கள் என்றால் வேகத்தைச் சொல்லும் எஃப்.ஜி. பல்ஸ் வரவில்லை. ஷாஃப்ட் கையால் சுற்றவே இறுக்கமாக இருந்தால் பேரிங் காய்ந்திருக்கிறது. மேலுள்ள பிளாஸ்டிக் வாஷரைத் தூக்கி ஒரே ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு, வழிந்ததை ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள். பிஞ்ச் ரோலரில் எண்ணெய் பட்டால் டேப் நகராது.

நடுவில் கேசட் மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, டேப்பை உள்ளே இழுத்து மாட்டும் லோடிங் மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, அதற்கு மட்டும் நாலு பென்டார்ச் பேட்டரியிலிருந்து 6 வோல்ட் கொடுங்கள். உள்ளே இழுத்தால் முனைகளை மாற்றிக் கொடுங்கள், டேப்பை விடுவிக்கும். அப்போது ரீல் தானாகச் சுற்றாததால், தொங்கும் டேப்பை ரீலைக் கையால் திருப்பிச் சுருட்டிக்கொண்டே வெளியே எடுங்கள்.