ஆங்கில இலக்கணம் பிடித்த பெண்ணுக்கு எட்டு லட்சத்தில் ஏ.ஐ. எதற்கு?

மகளை என்ன படிக்கவைக்கலாம் என்று என்னிடம் கேட்க விருத்தாசலத்திலிருந்து வந்திருந்த அந்த அம்மா கைப்பையிலிருந்து முதலில் எடுத்தது மகளின் மதிப்பெண் பட்டியலை அல்ல, ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் கட்டணத் தாளை. நிர்வாக ஒதுக்கீட்டில் 'ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்', விடுதியோடு நான்கு வருடத்துக்கு எட்டு லட்சம். சென்னையில் ஐ.டி.யில் இருக்கும் தாய்மாமன் ஏற்பாடு. "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும் சார். ஆனா இவ ரெண்டு நாளா சரியா சாப்பிடல" என்றார். பெண் படித்தது ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. பிளஸ் டூவில் ஆங்கிலம் 94, கணக்கு 58.

அன்றைக்கு நானும் வழக்கம்போல "பயப்படாதீங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரவு யோசித்தபோது அது எனக்கே பிடிக்கவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

அம்மா, முதலில் பணம். எட்டு லட்சத்தைப் பத்து சதவீத வட்டியில் ஏழு வருடக் கடனாக அடைத்தால் மாதத் தவணை சுமார் 13,300 ரூபாய். கட்டி முடிக்கும்போது 11 லட்சத்தைத் தாண்டிவிடும். படிக்கிற நான்கு வருடத்து வட்டி இதில் சேரவில்லை. கணக்கில் 58 எடுத்த பெண், கணக்கையே அடித்தளமாகக் கொண்ட ஒரு படிப்பில், அரியர் இல்லாமல் வெளியே வந்து, முதல் மாதச் சம்பளத்திலிருந்தே இந்தத் தவணையைக் கட்ட வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள். மாமா கெட்டவர் இல்லை. ஆனால் தவணைப் பத்திரத்தில் கையெழுத்து போடப்போவது அவரில்லை, நீங்கள்.

அடுத்து உங்கள் பெண். நாம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் ஒரு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாளே, பார்த்தீர்களா? நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரத்தில் என்னிடம் கேட்டாள்: "சார், 'நேத்துதான் வந்தான்'ங்கிறதை 'ஹி கேம் எஸ்டர்டே ஒன்லி'ன்னு எழுதினா டீச்சர் கோடு போட்டு அடிச்சுடறாங்க. சரி எதுன்னு மட்டும் சொல்லமாட்டேங்கிறாங்க."

முப்பது வருடம் ஆங்கிலம் பேசுகிறவர்கள்கூடக் கேட்காத கேள்வி இது. தமிழில் ஒரு சொல்லுக்கு அழுத்தம் கொடுக்க 'தான்' போதும், 'ஏ' போதும். ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்று ஐந்து வேலைகளைத் தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒட்டிக்கொள்ளும் சொல் கிடையாது. சொற்களின் வரிசையும் இறுக்கமானது, நினைத்த இடத்துக்கு மாற்ற முடியாது. அதனால் அழுத்தம் வேண்டுமென்றால் பல நேரம் வாக்கியத்தையே பிரித்துக் கட்ட வேண்டும்: 'இட் வாஸ் ஒன்லி எஸ்டர்டே தட் ஹி கேம்'. நாமோ 'தானை' 'ஒன்லி'யாகவும், 'இன்றைக்கே'யில் உள்ள ஏகாரத்தை 'இட்செல்ஃப்' ஆகவும் அப்படியே தூக்கிக்கொண்டு போகிறோம். 'டுடே இட்செல்ஃப்' அப்படிப் பிறந்ததுதான். நான் இதைச் சொன்னதும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு நாளாகச் சாப்பிடாத பெண் மாதிரியே இல்லை.

பி.ஏ. ஆங்கிலம், பிறகு பி.எட்., ஆசிரியர் வேலை, இல்லாவிட்டால் டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு. இதெல்லாம் தெருவுக்கு நாலு பேர் சொல்வார்கள், நான் விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: காப்பி எடிட்டிங். அடுத்தவர் எழுதியதை அச்சுக்குப் போகுமுன் திருத்திக் கொடுக்கும் வேலை.

வெளிநாட்டுப் பதிப்பகங்களின் மருத்துவ, அறிவியல் ஆய்விதழ்களும் பாடநூல்களும் அச்சுக்குப் போகுமுன் பெருமளவு கைமாறும் ஊர்களில் சென்னையும் புதுச்சேரியும் உண்டு. புதுச்சேரியில் இன்டெக்ரா, சென்னையில் டி.என்.க்யூ., நியூஜென் என்று இதையே தொழிலாக நடத்தும் நிறுவனங்கள் இருக்கின்றன. உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் புதுச்சேரி எவ்வளவு தூரம்?

வேலை இப்படி நடக்கும். ஒரு மருத்துவர் எழுதிய கட்டுரை வேர்டு கோப்பாக வருகிறது. தலைப்பு, உபதலைப்பு, மேற்கோள் பட்டியல் எல்லாவற்றுக்கும் முதலில் அடையாளம் இடுகிறார்கள். பிறகு காப்பி எடிட்டர், செய்த மாற்றமெல்லாம் கோப்பில் தெரியும்படி 'ட்ராக் சேஞ்சஸ்' போட்டுக்கொண்டு வரிவரியாகத் திருத்துகிறார். பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலா, அமெரிக்க எழுத்துக்கூட்டலா, எண்ணை எழுத்தால் எழுதுவதா என்பதையெல்லாம் அந்தப் பதிப்பகத்தின் ஸ்டைல் ஷீட் சொல்லும். அதற்குப் பின்னால் 1906-இல் முதல் பதிப்பு வந்த சிகாகோ நடைக் கையேடு போன்ற தடித்த புத்தகங்கள் நிற்கும். புரியாத இடத்தில் தானாக முடிவெடுக்கக் கூடாது; கட்டுரையை எழுதியவருக்கு 'ஆத்தர் க்வெரி' என்று கேள்வி எழுதி அனுப்ப வேண்டும். அதன் பிறகு எக்ஸ்.எம்.எல். என்ற கணினிக் குறியீட்டு வடிவம், பக்க அமைப்பு, ப்ரூஃப், எழுதியவரின் திருத்தம், கடைசிச் சரிபார்ப்பு.

இதில் உங்கள் பெண்ணின் நோட்டுக்கு என்ன வேலை? 'மூன்று நோயாளிகளுக்கு மட்டும் காய்ச்சல் திரும்பியது', 'மூன்று நோயாளிகளுக்குக் காய்ச்சல் மட்டும் திரும்பியது'. ஒரே சொல் இடம் மாறியதும் ஆய்வின் முடிவே மாறிவிடுகிறது. ஆங்கில 'ஒன்லி'யும் அப்படித்தான். ஒரு டாக்டர் 'த டிரக் டிட் ரெட்யூஸ் ஃபீவர்' என்று எழுதுகிறார். 'டிட்' எதற்கு, 'ரெட்யூஸ்ட்' போதுமே என்று அவசர எடிட்டர் வெட்டிவிடுவார். ஆனால் 'குறைக்காது என்றீர்களே, குறைக்கத்தான் செய்தது' என்று முந்தைய ஆய்வுக்கு அந்த ஒரு 'டிட்'டில்தான் பதில் இருக்கிறது. பேச்சில் குரலை உயர்த்தினால் முடிகிற காரியம்; தாளில் குரல் இல்லை. அந்த 'டிட்' போனால் பதிலும் போய்விடும். அடுத்தவர் எழுதியதை மேற்கோள் காட்டும்போது ஒரு சொல்லைச் சாய்வெழுத்தாக்கினால்கூட, அழுத்தம் நான் சேர்த்தது என்று பக்கத்திலேயே குறிப்பு போட வேண்டும். அவ்வளவு கறாரான தொழில்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பச் சம்பளம் குறைவு. மாமா சொல்கிற தொகை வராது. ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் என்று டார்கெட் உண்டு, கண் வலிக்கும். காற்புள்ளி போடுவதையும் மேற்கோள் பட்டியலை ஒழுங்கு செய்வதையும் மென்பொருள் செய்ய ஆரம்பித்துவிட்டது. அந்த வேலையை மட்டும் கற்றுக்கொண்டு போகிறவர்களுக்கு இனி இடம் சுருங்கும். வெட்டலாமா வைக்கலாமா என்று அந்த 'டிட்' முன்னால் நின்று யோசிக்கத் தெரிந்த ஆளுக்குச் சுருங்காது என்பது என் கணிப்பு. சில வருட அனுபவத்துக்குப் பிறகு உயிர் அறிவியல் எடிட்டர்களுக்கான 'பெல்ஸ்' என்ற சர்வதேசத் தேர்வு எழுதலாம், வீட்டிலிருந்தே வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு நேரடியாக வேலை செய்யலாம்.

செலவு? உங்கள் ஊரிலேயே திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரியில் ஆகும் செலவை எட்டு லட்சத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். பட்டம் முடித்த பிறகும் இலக்கண ஆசை அடங்கவில்லையென்றால் பக்கத்தில் சிதம்பரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் முதுகலை படிக்கலாம். அதை இப்போது முடிவு செய்ய வேண்டாம்.

ஒன்றில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். பி.ஏ. வேண்டாம் என்று அவளே சொன்னால் வேறு பேசுவோம். "சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க" என்பதற்காக என்றால் என்னிடம் வராதீர்கள்.

சனிக்கிழமைக்குள் முன்பணம் ஐம்பதாயிரம் கட்ட வேண்டும் என்றீர்கள். கட்டாதீர்கள். அரசுக் கல்லூரிகளுக்கு டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. இணையதளத்தில் விண்ணப்பம் போடுங்கள். மாற்றுச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். மாமா கோபப்பட்டால் என் எண்ணைக் கொடுங்கள், மாலை ஆறு மணிக்கு மேல் பேசுவேன். அப்புறம், அந்த நோட்டை அவள் என் மேஜையிலேயே விட்டுப் போய்விட்டாள். அடுத்த முறை வரும்போது மறக்காமல் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.