கேள்வி – பதில்: ஆங்கில வாக்கியம் எங்கே முடிகிறது?

கல்லூரி மாணவி, விருதுநகர்: நான் எழுதும் ஆங்கிலக் கட்டுரைகளில் காற்புள்ளிகளைப் பேராசிரியர் வட்டமிட்டு, ஓரத்தில் ‘ரன்-ஆன்’ என்று எழுதிவிடுகிறார். அதையே தமிழில் சொல்லிப் பார்த்தால் எனக்குப் பிழை எதுவும் தெரியவில்லை. ஏன் இப்படி?

பிழை தெரியாததற்குக் காரணமே நீங்கள் தமிழில் சொல்லிப் பார்ப்பதுதான். ‘அலுவலகத்துக்குப் போனேன், மேலாளர் இல்லை, திரும்பி வந்துவிட்டேன்’ என்று எழுதினால் தமிழ்க் காது எங்கும் இடறுவதில்லை. ‘போனேன்’ என்பதன் இறுதியிலுள்ள விகுதி, போனது யார் என்பதைச் சொல்லிவிடுகிறது. செய்தி அங்கே முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறது. வினைமுற்றே வாக்கியத்தின் கதவைச் சாத்திவிடுவதால், அதன் பின் காற்புள்ளி வந்தாலும் முற்றுப்புள்ளி வந்தாலும் பொருள் பெரிதாகக் கெடுவதில்லை. ஆங்கில ‘வென்ட்’ அப்படிப்பட்ட சொல் அன்று. அது போனது யார் என்று காட்டாது. அதன் பின்னால் இடமும் காலமும் காரணமும் வந்துகொண்டே இருக்கலாம் என்பதால், வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை நிறுத்தக்குறிகளையும் இணைப்புச் சொற்களையும் கொண்டே வாசகர் அறிய வேண்டியிருக்கிறது.

‘ஐ வென்ட் டு தி ஆபீஸ், தி மேனேஜர் வாஸ் நாட் தேர், ஐ கேம் பேக்’ என்று நீங்கள் எழுதும்போது மூன்று முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்ட முயல்கிறீர்கள். அந்தக் குறிக்கு அவ்வளவு வலிமை கிடையாது. இப்படி ஒட்டுவதைத்தான் உங்கள் பேராசிரியர் ‘ரன்-ஆன்’ என்கிறார். இதைக் கண்டுபிடிக்க நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழி, எண்ணிப் பார்ப்பது. ஒரு வாக்கியத்தில் எத்தனை வினைமுற்றுகள் உள்ளனவோ, அவற்றைவிட ஒன்று குறைவாக இணைப்புகள் இருக்க வேண்டும். ‘வென்ட்’, ‘வாஸ்’, ‘கேம்’ என மேலே மூன்று வினைகள் இருக்கின்றன. இணைப்பு ஒன்றுகூட இல்லை. ‘வென் ஐ வென்ட் டு தி ஆபீஸ், தி மேனேஜர் வாஸ் நாட் தேர், ஸோ ஐ கேம் பேக்’ என்று மாற்றினால் ‘வென்’, ‘ஸோ’ என்னும் இரண்டு இணைப்புகள் கிடைத்துக் கணக்கு நேராகிவிடுகிறது. இணைப்புச் சொல் வேண்டாம் என்றால் முற்றுப்புள்ளி வைத்துப் பிரிக்கலாம். இரண்டு செய்திகளும் நெருங்கிய உறவுடையவை என்றால் அரைப்புள்ளி போதும். எண்ணும்போது ‘டு கோ’, ‘கோயிங்’ போன்றவற்றை விட்டுவிடுங்கள். அவை நம் எச்சங்களைப் போன்றவை. ‘ஹீ செட் ஹீ வுட் கம்’ என்பதில் ‘தட்’ மறைந்து நிற்கிறது. அதை மனத்துக்குள் சேர்த்துக்கொண்டு எண்ணுங்கள்.

இதில் ஒரு வலை உண்டு. தமிழில் ‘ஆனால்’ வரும் இடத்தில் ‘எனினும்’ என்று மாற்றி எழுதலாம். எவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதே நினைப்பில் ‘பட்’ இருந்த இடத்தில் ‘ஹௌஎவர்’ என்று போட்டால் ஆங்கிலத்தில் பிழையாகிவிடும். ‘பட்’ இரண்டு வாக்கியங்களை இணைக்கும், ‘ஹௌஎவர்’ இணைக்காது, அதற்கு முன்னால் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும். ‘ஸோ’வுக்கும் ‘தேர்ஃபோர்’ என்பதற்கும் உள்ள வேறுபாடும் இதுவே. ‘ஐ கேம், ஐ சா, ஐ கான்கர்ட்’ என்று சீசரின் லத்தீன் வாசகத்தை ஆங்கிலத்தில் காற்புள்ளிகளாலேயே கோத்திருக்கிறார்களே என்று உங்கள் பேராசிரியரிடம் வாதாடலாம். அவ்வளவு சிறிய, ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்களுக்கு மட்டும் அந்தச் சலுகை உண்டு என்பார் அவர். அவர் சொல்வது சரிதான்.

அலுவலக உதவியாளர், திருவாரூர்: விடுப்புக் கடிதத்தில் ‘அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்து, ‘ஸோ ஐ ஆம் அனேபிள் டு கம் டு தி ஆபீஸ்’ என்று தொடர்ந்தேன். அதிகாரி சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறார். பள்ளியில் படித்ததைத்தானே எழுதினேன்?

பள்ளியில் படித்த கடிதம் சரியானது. புள்ளியும் ‘ஸோ’வும்தான் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை. அந்தக் கடிதத்தை நாங்கள் வகுப்பில் ஒரே குரலில் ஒப்பிக்கும்போது ‘ஃபீவர்’ என்ற இடத்தில் மூச்சு வாங்குவோம். அந்த மூச்சுதான் பலருடைய கையெழுத்தில் முற்றுப்புள்ளியாக இறங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த வாக்கியத்தைத் தமிழாக்கிப் பாருங்கள்: ‘நான் காய்ச்சலால் அவதிப்படுவதால்.’ இங்கே புள்ளி வைக்க உங்கள் கை கூசும். ஏனென்றால் ‘ஆல்’ என்னும் இறுதி, இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது என்று காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் ‘அஸ்’ தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. ‘ஃபீவர்’ வரை எழுதி முடிப்பதற்குள் அதை மறந்துவிடுகிறோம். ஆகவே புள்ளி வைப்பதற்கு முன் வாக்கியத்தின் முதல் சொல்லைத் திரும்பிப் பாருங்கள். அது ‘அஸ்’, ‘பிகாஸ்’, ‘தோ’, ‘இஃப்’, ‘வென்’ ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால், தலைமை வாக்கியம் வந்துவிட்டதா என்று உறுதிசெய்த பிறகு முடியுங்கள். ‘பிகாஸ்’ சற்றுக் கூடுதலாக ஏமாற்றும். நம் ‘ஏனென்றால்’ தனி வாக்கியத்தைத் தொடங்கும் உரிமை பெற்ற சொல், ‘அவன் வரவில்லை. ஏனென்றால் அவனுக்குக் காய்ச்சல்’ என்பது நல்ல தமிழ். ‘பிகாஸ்’ அப்படித் தனியே நிற்பது முறையான எழுத்தில் குறை வாக்கியமாகவே கருதப்படும்.

புள்ளியை நீக்கிவிட்டால் ‘ஸோ’வையும் நீக்கிவிடுங்கள். ‘அஸ்’ இருக்கும்போது ‘ஸோ’ எதற்கு? ‘அவதிப்படுவதால் ஆகையால் வர இயலவில்லை’ என்று தமிழில் எழுதுவீர்களா?

வேலை தேடும் பட்டதாரி, கோவை: ‘ஹேவிங் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2022, யுவர் கம்பெனி இஸ் தி ரைட் பிளேஸ் ஃபார் மீ’ என்று விண்ணப்பத்தில் எழுதினேன். இது தவறு என்கிறான் நண்பன். பொருள் புரிகிறதே?

புரிகிறது. ஆனால் இலக்கணப்படி பட்டம் பெற்றது நீங்கள் அல்லர், அந்த நிறுவனம். ‘ஹேவிங் கம்ப்ளீட்டட்’ என்னும் எச்சத்துக்கு உரியவர் யார் என்று தேடும் ஆங்கில வாசகர், காற்புள்ளியைத் தாண்டியதும் எதிர்ப்படும் எழுவாயையே பிடித்துக்கொள்வார்.

இந்த விதியை நாம் ஆங்கிலேயரிடம் கற்க வேண்டியதில்லை. ‘செய்து’ முதலான மூன்று வினையெச்சங்களைப் பற்றித் தொல்காப்பிய வினையியல் ‘முதல்நிலை மூன்றும் வினைமுதல் முடிபின’ என்கிறது. எச்சத்தின் செயலைச் செய்தவரே முடிக்கும் வினையையும் செய்தவராக இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். ‘பட்டப்படிப்பை முடித்து, உங்கள் நிறுவனம் எனக்கு ஏற்ற இடம்’ என்பது தமிழிலும் நொண்டுவதைக் கவனியுங்கள். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்கிறோமே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அதனை எச்சத்திரிபு என்று சொல்லி, ‘பெய்ய’ என்று பொருள் கொள்வது இலக்கண மரபு. அங்கே பெய்தது மழை என்பது வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்திலும் ‘தி வெதர் பீயிங் ஃபைன், வீ வென்ட் அவுட்’ என எச்சத்துக்குத் தனி எழுவாய் கொடுத்துவிட்டால் குற்றம் இல்லை.

உங்கள் வாக்கியத்தை ‘ஹேவிங் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2022, ஐ ஆம் லுக்கிங் ஃபார்...’ என்று ‘ஐ’யில் தொடங்கித் தொடருங்கள். உங்கள் நண்பருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள்.

தனிப்பயிற்சி ஆசிரியை, கரூர்: என் மாணவர்கள் ‘தி பாய் கேம் எஸ்டர்டே இஸ் மை கஸின்’ என்று எழுதுகிறார்கள். ‘ஹூ’ வேண்டும் என்று பலமுறை சொல்லியும் மறந்துவிடுகிறார்கள்.

‘நேற்று வந்த பையன்’ என்பதில் ‘ஹூ’வுக்கு இணையான தனிச்சொல் இல்லை, ‘வந்த’ என்னும் பெயரெச்சத்தின் ஈற்று அகரமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அந்த அகரத்துக்கு ஈடாகத்தான் ‘ஹூ’ வருகிறது என்று காட்டுங்கள். ‘தி பாய் ஐ மெட்’ என்பதில் மட்டும் எப்படி விடலாம் என்று கெட்டிக்கார மாணவர் ஒருவர் கட்டாயம் கேட்பார். அங்கே பையன் சந்திக்கப்பட்டவன்; சந்தித்த ‘ஐ’ எழுவாயாக நிற்கிறது. பையனே செயலைச் செய்தவன் என்றால் ‘ஹூ’வை விட முடியாது.

வாசகர், மதுரை: ‘கேன் யூ டெல் மீ வேர் இஸ் தி பஸ் ஸ்டாண்ட்?’ – சரியா?

‘வேர் தி பஸ் ஸ்டாண்ட் இஸ்’ என்பதே சரி. இந்தப் பிழையைத் தமிழின் தலையில் கட்ட முடியாது. கேள்வி என்றால் வினையை முன்னே கொண்டுவா என்று பள்ளியில் அடித்துச் சொன்ன பாடம், கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கும் இடத்திலும் தொடர்கிறது.

ஓய்வுபெற்ற எழுத்தர், தஞ்சாவூர்: பிழையைத் தவிர்க்கச் சிறு சிறு வாக்கியங்களாகவே எழுதினால் போதாதா?

தொடக்கத்தில் போதும். ஆனால் பத்து வரிகளுக்கு அப்படியே எழுதினால் முதல் வகுப்புப் பாடநூலைப் போல இருக்கும். காரணமும் விளைவும் தனித்தனியே கிடக்கும். நீண்ட வாக்கியத்துக்கு அஞ்ச வேண்டாம். எழுவாயை வினையிலிருந்து வெகுதூரம் தள்ளிவைப்பதற்குத்தான் அஞ்ச வேண்டும். ‘தி லிஸ்ட் ஆஃப் கேண்டிடேட்ஸ் ஹூ அட்டெண்டட் தி இன்டர்வியூஸ் வேர் சென்ட்’ என்று எழுதுபவர், வினையை அடைவதற்குள் ‘லிஸ்ட்’ ஒருமை என்பதை மறந்து, அருகிலிருக்கும் பன்மைகளில் மயங்கிவிடுகிறார். ‘வாஸ் சென்ட்’ என்பதே வேண்டும். வினையின் மேல் ஒரு விரலும் எழுவாயின் மேல் ஒரு விரலும் வைத்து, இடையில் உள்ளதை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்.