மால் விஆரா, வீட்டு ஹெட்செட்டா? நடுவில் ஒரு கார்டு பாக்கி

கேள்வி: ஓசூரில் தனியார் நிறுவனத்தில் வேலை. பிடித்தம் போகக் கையில் 62,000 ரூபாய் வருகிறது. வீட்டுக் கடன் தவணை 19,500. மகளுக்கு 14 வயது, மகனுக்கு 9 (வரும் மே மாதம் 10 முடிகிறது). மாதம் ஒருமுறை பெங்களூரு மாலில் உள்ள விஆர் (வர்ச்சுவல் ரியாலிட்டி: கண்ணை மூடும் ஹெட்செட்டை மாட்டி, அதில் தெரியும் உலகுக்குள் ஆடுவது) மையத்துக்குப் போகிறோம். நானும் பிள்ளைகள் இருவரும் ஆடுவோம். தலைக்கு 700 ரூபாய், 25 நிமிடம். பெட்ரோல், டோல், பார்க்கிங், சாப்பாடு என்று மேலும் 1,500 ஆகிறது. அந்த மையத்தில் 15,000 கட்டினால் 20,000 ரூபாய்க்கு ஆடலாம், ஓராண்டு செல்லும் என்று ஒரு கார்டு தருகிறார்கள். வீட்டிலேயே ஆட, கடையில் மெட்டா குவெஸ்ட் 3எஸ் ஹெட்செட் கேட்டோம்: 'நோ காஸ்ட்' இஎம்ஐ என்றால் 39,000, பன்னிரண்டு தவணை, ரொக்கம் என்றால் 36,500. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர், ஜூனில் வரும்போது வாங்கி வருகிறேன் என்கிறார். பிள்ளைகள் அதுவரை பொறுக்க மாட்டேன் என்கிறார்கள். தீபாவளி போனஸ் 45,000 வரும். கிரெடிட் கார்டில் 40,000 பாக்கி, மாதம் 2,000 என மினிமம் கட்டி வருகிறேன். எதைச் செய்வது?

பதில்: நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரியிலிருந்து தொடங்குகிறேன். கிரெடிட் கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பல கார்டுகளில் அதுதான் விகிதம், உங்கள் பில்லில் அச்சாகியிருக்கும், பாருங்கள். 40,000-க்கு மாத வட்டி 1,400. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252. ஆக 1,652. நீங்கள் கட்டும் 2,000-இல் அசலில் கழிவது வெறும் 348 ரூபாய். இன்னொன்றும் நடக்கிறது. பாக்கி நிற்கும் வரை புதிதாகத் தேய்க்கும் தொகைக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். மால் டிக்கெட்டை அதே கார்டில் போடுகிறீர்கள் என்றால் அந்த 700 ரூபாய் 700 அல்ல.

அதனால் போனஸ் வந்த அன்றே 40,000-ஐயும் கட்டிவிடுங்கள். அடுத்த பில்லில், பில் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி கொஞ்சம் எட்டிப் பார்க்கும். 'கட்டிவிட்டோமே, இது என்ன' என்று விட்டுவிடாமல் அதையும் முழுதாக அடையுங்கள். போனஸில் 3,500 போல மிஞ்சும். இதைச் செய்யாமல் விஆர் கணக்கு எதைப் போட்டாலும் தப்பாகத்தான் வரும்.

இனி மால் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். மூவர் 25 நிமிடம் ஆடினால் மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். டிக்கெட் 2,100. தலைக்கு ஒரு மணி நேரத்துக்கு 1,680 ரூபாய். பயணமும் சாப்பாடும் சேர்த்து 3,600 என்றால் 2,880. ஆனால் ஹெட்செட் வாங்கிய வீட்டில் மால் பயணம் நின்றுவிடும் என்று எண்ணாதீர்கள். வெளியே போவதும் ஓட்டலில் சாப்பிடுவதும் தொடரும். மிச்சமாவது டிக்கெட் பணம் மட்டுமே. எனவே ஒப்பிட வேண்டிய எண் 1,680.

வீட்டுக் கணக்கு. குவெஸ்ட் 3எஸ் 2024 அக்டோபரில் அமெரிக்காவில் 299.99 டாலருக்கு வந்தது, 128 ஜிபி. அங்கே அட்டையில் போடும் விலையில் மாநில விற்பனை வரி சேராது. வரியோடு 324 டாலர், டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் 28,500. மைத்துனர் வாங்கும் நாளில் விலையும் டாலரும் மாறியிருக்கும். அன்றைய எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். தலைப்பட்டை, வியர்வை ஊறாத சிலிக்கான் முகஉறை, பெட்டி, ரீசார்ஜ் பேட்டரி (கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் ஒவ்வொன்றுக்கும் ஒரு டபுள்-ஏ பேட்டரி தேவை) என்று 4,000 ஒதுக்குங்கள். பலர் மறப்பது விளையாட்டுகளின் விலை. 'பீட் சேபர்' 29.99 டாலர், அதாவது 2,640 ரூபாய். அந்த விலையில் மூன்று வாங்கினால் ஹெட்செட்டில் கால் பங்குக்கு மேல் போய்விடும். மெட்டாவின் இணையக் கடையில் வாங்கிய விளையாட்டு பிடிக்கவில்லை என்றால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிள்ளைகளிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள்.

எல்லாம் சேர்த்து 40,000. இரண்டு ஆண்டு கழித்து 10,000-க்கு விற்றாலும் உண்மைச் செலவு 30,000. வாரம் இரண்டு மணி நேரம் ஆடினால் இரண்டு ஆண்டில் 208 மணி. மணிக்கு 144 ரூபாய். மால் பக்கத்திலேயே வர முடியாது. ஆனால் ஆறு வாரத்தில் அலுத்து பீரோவுக்குப் போய்விட்டால்? ஹெட்செட், சாமான், ஒரே ஒரு விளையாட்டு: 35,140 ரூபாய். ஆடியது 12 மணி. மணிக்கு 2,930. பெட்ரோலும் பிரியாணியும் சேர்த்த மால் கணக்கைவிட அதிகம். ஆக, விலையைவிடப் பெரிய கேள்வி, ஏழாவது வாரம் அதை யார் எடுத்து மாட்டுவார்கள் என்பதுதான். வாங்கும் முன் நண்பர் வீட்டிலிருந்தோ வாடகைக்கோ ஒரு வார இறுதிக்கு எடுத்துப் பாருங்கள். இரண்டாம் நாள் மாலை யாராவது தானாகக் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். முதல் நாள் ஆர்வத்தை நம்பி 30,000 போடக் கூடாது.

இரண்டும் ஒரே பொருள் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மால்களில் 'விஆர்' என்ற பெயரில் மூன்று வேறு சமாச்சாரங்கள் விற்கிறார்கள். முட்டை வடிவ நாற்காலியில் உட்கார வைத்து ஆட்டும் '9டி' ஒன்று. அது சில நிமிட வீடியோ, இரண்டாம் முறை பார்க்க ஒன்றுமில்லை. அடுத்தது ஒரு சின்னத் தடுப்புக்குள் ஹெட்செட்டை மாட்டி நின்ற இடத்தில் ஆடுவது. அங்கே ஓடும் விளையாட்டு பெரும்பாலும் வீட்டிலும் கிடைப்பதுதான். அதற்கு 700 கொடுப்பது வீண். மூன்றாவது, பெரிய அரங்கில் பலர் சேர்ந்து நடந்து ஆடுவது. மெல்போர்னில் 2015-இல் ஜீரோ லேட்டன்சி என்ற நிறுவனம் திறந்த அரங்கு இந்த வகைக்கு முன்னோடி. எட்டுப் பேர் வரை ஒன்றாக ஆடலாம். சாண்ட்பாக்ஸ் விஆர் என்ற நிறுவனத்தின் அரங்குகளில் கை கால்களில் அசைவுக் கருவிகளும் அதிரும் மேலங்கியும் மாட்டுவார்கள். இதை வீட்டு ஹாலில் கொண்டுவர முடியாது.

இதில் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு, அது பணத்தையும் பாதிக்கும். அரங்கில் நீங்கள் நிஜமாகவே நடக்கிறீர்கள். கண் காண்பதும் உள்காது உணர்வதும் ஒத்துப்போகும், தலைசுற்றல் குறைவு. வீட்டில் இடமில்லாததால் பல விளையாட்டுகளில் கன்ட்ரோலரில் உள்ள கட்டைவிரல் குச்சியைத் தள்ளி 'நடக்க' வேண்டும். கண் ஓடுகிறது என்கிறது, காது நிற்கிறாய் என்கிறது, குமட்டல் வரும். 'மாலில் நன்றாகத்தானே ஆடினாள்' என்று வாங்கி, வீட்டில் பத்து நிமிடத்தில் கழற்றி வைப்பது இதனால்தான். மெட்டா கடையில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் சௌகரிய அளவு மூன்று படியாகப் போட்டிருக்கும். முதல் மாதம் மிக எளிதான படியில் உள்ளவற்றை மட்டும் ஆடட்டும். பத்துப் பத்து நிமிடமாகத் தொடங்கி, குமட்டல் தலைகாட்டிய நொடியே கழற்ற வேண்டும். பொறுத்துக்கொண்டு ஆடினால் பழகாது, வெறுத்துப்போகும்.

ஹாலை அளந்து பாருங்கள். தடையில்லாத இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் வேண்டும். டீப்பாயைத் தள்ளி, சோபாவை ஒட்டாமல். பிறகு நிமிர்ந்து மின்விசிறியைப் பாருங்கள். அதன் நேர் கீழே நின்று கையில் ஒரு கரண்டியைப் பிடித்தபடி மேலே நீட்டுங்கள். இறக்கைக்கு ஒரு அடிக்குள் வந்தால் அந்த இடம் உங்களுக்கு ஆகாது, மகளுக்கு ஆகலாம். கன்ட்ரோலர் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் ஆட விடாதீர்கள்; கைநழுவிப் பறந்து உடைப்பது பெரும்பாலும் டிவியைத்தான், அதன் விலை ஹெட்செட்டை விழுங்கிவிடும். நம் ஊர் வெயிலில் இன்னொரு ஆபத்து: ஜன்னலோரம் லென்ஸ் மேலே பார்த்தபடி கிடந்தால், பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும். சில நிமிடம் போதும், சரிசெய்ய முடியாது. காருக்குள் வைக்கவும் கூடாது. லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள். சானிட்டைசர் பக்கமே வேண்டாம். மூக்குக் கண்ணாடி போடுபவர் இருந்தால் கண்ணாடி லென்ஸில் உரசாமல் பாருங்கள். கீறல் விழுந்தால் மறுவிற்பனை விலை பாதியாகும்.

ஒரு ஹெட்செட்டில் ஒரு நேரம் ஒருவர்தான் ஆட முடியும். மற்றவர்கள் டிவியில் பார்க்கலாம். பேட்டரியும் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான். மூவர் சேர்ந்து கத்திக்கொண்டு ஆடும் அந்த 25 நிமிடத்துக்கு இது ஈடல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடைக்காரரின் 'நோ காஸ்ட்' இஎம்ஐயை விட்டுவிடுங்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. நடப்பது இதுதான்: வங்கி வட்டி போடுகிறது, கடை அந்த அளவுக்கு விலையில் தள்ளுபடி காட்டுகிறது. ஆண்டுக்கு 15 சதவீதம் என்றால் மாதம் 3,250 வீதம் கட்டும் 39,000-இல் வட்டி ஏறத்தாழ 2,990. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 540 உங்கள் தலையில். செயலாக்கக் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ரொக்க விலையைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் 2,500-ஐயும் சேர்த்தால் 'காஸ்ட் இல்லாத' தவணைக்கு 3,275 ரூபாய் ஆகிறது. பாக்கி நிற்கும் அதே கார்டில் போட்டால் இந்தத் தவணையும் மினிமம் தொகையில் ஏறும்.

15,000 ரூபாய் மையக் கார்டும் வேண்டாம். 5,000 லாபம் போலத் தெரிகிறது. ஆனால் கிரெடிட் கார்டில் போட்டு நிறுத்தி வைத்தால் மாதம் 620 ரூபாய் வட்டியும் வரியும்; எட்டு மாதத்தில் அந்த 5,000 கரைந்துவிடும். ரொக்கமாகக் கொடுத்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை, காரணம் இந்தத் தொழிலின் சரித்திரம். ஐமேக்ஸ் நிறுவனம் 2017 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் விஆர் மையம் திறந்து, பல ஊர்களுக்கு விரித்து, 2019-க்குள் எல்லாவற்றையும் மூடியது. சுவர் தெரியும் இடத்தில் கை வைத்தால் நிஜச் சுவர் தட்டுப்படும்படி அரங்கம் கட்டிய 'தி வாய்ட்', டிஸ்னியின் ஸ்டார் வார்ஸ் கதையைக் கையில் வைத்திருந்தும் 2020-இல் நின்றது. சாண்ட்பாக்ஸ் விஆரும் அதே ஆண்டு திவால் மனு போட்டுத்தான் மீண்டு வந்தது. மால் வாடகை, ஆள் கூலி, அடிக்கடி மாற்ற வேண்டிய கருவி என்று மூன்று பக்கமும் செலவு நெருக்கும் தொழில் இது. மூடினால் முன்பணம் கட்டியவர், அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர் நிலைதான். வங்கி எடுத்தது போக மிச்சம் இருந்தால்தான் பார்க்க முடியும். போகும் நாளில் டிக்கெட் வாங்குங்கள்.

ஜூன் வரை காத்திருக்கச் சொல்கிறேன். விலை குறையும் என்பதற்காக அல்ல. 2022 ஆகஸ்டில் குவெஸ்ட் 2 விலையை 100 டாலர் ஏற்றினார்கள், ஏறவும் செய்யலாம். உங்கள் மகனுக்காகச் சொல்கிறேன். மெட்டாவின் குறைந்தபட்ச வயது 10. 10 முதல் 12 வரை பெற்றோர் நடத்தும் கணக்கில்தான் ஆடலாம். இப்போது வாங்கினால் அக்கா ஆட, தம்பி பக்கத்தில் நின்று அழுவான், இல்லை வயதைப் பொய்யாகப் போட்டுக் கணக்கு தொடங்குவீர்கள். இரண்டும் வேண்டாம். மே முடிந்தால் இருவருக்கும் ஆகும்.

அதுவரை மாலுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போங்கள், அதுவும் நடந்து ஆடும் அரங்குக்கு மட்டும். சராசரியாக மாதம் 1,800 மிஞ்சும். கார்டுக்குக் கட்டிய 2,000 கையில் நிற்கும். இந்த 3,800-ஐ நவம்பர் முதல் மே வரை ஏழு மாதம் ஆர்டியில் போட்டால் 26,600. போனஸ் மிச்சம் 3,500 சேர்த்தால் 30,100. கடன் இல்லாமல் ஹெட்செட் வந்துவிடும், சாமான்களை அடுத்த மாதம் வாங்கலாம்.

மைத்துனரிடம் சொல்ல வேண்டியவை: கிளம்பும் நாளில் அல்ல, இரண்டு வாரம் முன்பே வாங்கி அங்கேயே பெட்டியைப் பிரித்து இயக்கிப் பார்க்கட்டும். வெள்ளைத் திரையில் புள்ளியோ கோடோ தெரிந்தால், கட்டைவிரல் குச்சியைத் தொடாமலே ஆட்டம் நகர்ந்தால், அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். இங்கு வந்தபின் பழுதானால் வாரண்டிக்கு அமெரிக்காவுக்கே அனுப்ப நேரிடும், அந்தக் கூலிக்குக் கட்டுப்படியாகாது. உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால் கைப்பையில் கொண்டுவர வேண்டும். பில்லும் கூடவே இருக்கட்டும். அவர் கொண்டுவரும் மற்ற பொருட்களையும் சேர்த்து 75,000 ரூபாய்க்குள் இருந்தால் சுங்க வரி பிரச்சினை வராது. பழைய முதல் தலைமுறை குவெஸ்டை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்க வேண்டாம்; 2019-இல் வந்த அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2024-ஓடு நின்றுவிட்டது.

வீட்டில் ஏற்கெனவே பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுப் பெட்டி) இருந்தால் மட்டும் எனக்கு மீண்டும் எழுதுங்கள். அதனுடன் இணைக்கும் சோனியின் பிஎஸ் விஆர்2 ஹெட்செட்டின் கணக்கு வேறு மாதிரி வரும். ஆனால் அதற்கு சோனி சொல்லும் வயது 12, மகனுக்கு இன்னும் இரண்டு ஆண்டு ஆகும்.