கிறிஸ் ஸ்குவையரின் பேஸ் கிதார் ஏன் அப்படி முன்னால் வந்து ஒலிக்கிறது?

கேள்வி: யெஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் எழுபதுகளின் பாடல்களைக் கேட்டால் பேஸ் கிதார் பின்னணியில் அடங்கி இருக்காமல் முன்னால் வந்து நிற்கிறது. அதை வாசித்த கிறிஸ் ஸ்குவையரின் தனிச்சிறப்பு என்ன? அவருடைய இசை வாழ்க்கை எப்படி அமைந்தது?

பதில்:

இந்தக் கேள்விக்குப் பலரும் "ரிக்கன்பேக்கர்" என்று, அவருடைய கிதாரின் நிறுவனப் பெயரை ஒரே சொல்லில் பதிலாகச் சொல்லிவிடுவார்கள். அவர் கையில் இருந்த கிதாரும், அதை ஆம்ப்களோடு (ஒலியைப் பெருக்கும் கருவிகளோடு) இணைத்த விதமும் அந்த ஒலிக்குக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே வகைக் கிதாரை வாங்கி, அதே கம்பிகளைப் பூட்டி, அதே முறையில் இணைத்துப் பார்த்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஒலியில் அவரை நெருங்கியவர்கள்கூட வாசிப்பில் அவரை நெருங்கவில்லை. கொஞ்ச காலமாகப் பேஸ் கிதார் பழகி வருபவன் என்ற முறையில், அவருடைய வாசிப்பின் வேர் தேவாலயப் பாடகர் குழுவில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

ஸ்குவையர் 1948 மார்ச் 4 அன்று லண்டனின் வடமேற்குப் பகுதியான கிங்ஸ்பரியில் பிறந்தார். சிறுவனாக அங்கிருந்த செயின்ட் ஆண்ட்ரூ ஆலயத்தில் பாடினார். அந்தக் குழுவை நடத்தியவர் பாரி ரோஸ். பின்னாளில் கில்ட்ஃபர்ட் பேராலயத்திலும் லண்டன் செயின்ட் பால் பேராலயத்திலும் பணியாற்றிப் பெயர் பெற்றவர். ஆங்கிலிகன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலய இசையில் நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் நான்கு வெவ்வேறு வரிகளைப் பாடுகின்றன. அவற்றில் அடிக்குரல் மற்ற மூன்றையும் தாங்குவதோடு, தனக்கென ஒரு மெட்டையும் கொண்டு நடக்கிறது. இதை வாரந்தோறும் காதில் வாங்கி வளர்ந்த ஒருவருக்கு, கீழ் சுரத்தை மட்டும் அடித்துக்கொண்டு நிற்பதுதான் பேஸ் கிதாரின் வேலை என்று தோன்றியிருக்க வாய்ப்பே இல்லை. ராக் இசைக்கு வந்த பிறகு அவரை ஈர்த்தவர்களும் பால் மெக்கார்ட்னி, ஜான் என்ட்விசில், ஜாக் புரூஸ் போன்ற பேஸ் கலைஞர்கள்; அந்த வேலையோடு நிறைவடையாதவர்களே.

பள்ளிப் படிப்பு 1964-இல் முடிந்துபோனது. தலைமுடி மிக நீளமாக இருக்கிறது என்று பள்ளியில் தற்காலிகமாக நீக்கி, முடிவெட்டிக்கொண்டு வரக் காசும் கொடுத்து அனுப்பினார்கள். அவர் முடிவெட்டவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. பிறகு லண்டன் ரீஜென்ட் தெருவில் இருந்த பூசி அண்டு ஹாக்ஸ் என்ற இசைக்கருவிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போதுதான், 1965-இல், ஊழியர்களுக்கான தள்ளுபடியில் தன் ரிக்கன்பேக்கரை வாங்கினார். அமெரிக்காவில் 4001எஸ் என்று அறியப்பட்ட பேஸ் கிதாரின் பிரிட்டிஷ் ஏற்றுமதி வடிவம் அது. ஆர்எம் 1999 என்ற பெயரில் விற்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் அவருடைய முதன்மைக் கருவியாக இருந்தது அந்த ஒரே கிதார்தான். பலமுறை வண்ணம் மாற்றப்பட்டு, மேற்பூச்சு சுரண்டப்பட்டு, அதன் மரமே ஓரளவு தேய்ந்துபோனது.

முதலில் 'தி செல்ஃப்ஸ்', பிறகு 'தி சின்' என்ற குழுக்களில் அவர் வாசித்தார். சின் குழு லண்டனின் மார்க்கீ கிளப்பில் அடிக்கடி மேடையேறியது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அங்கு வாசித்த ஓர் இரவில் அவருக்கு முன்னதாக வாசித்ததும் இவர்கள்தான். 1967-இல் எல்எஸ்டி என்ற போதைப்பொருளை உட்கொண்டு மோசமாகப் பாதிக்கப்பட்டு மருத்துவமனை வரை சென்ற ஸ்குவையர், அதன் பின் சில மாதங்கள் வீட்டை விட்டு வெளியே வரவே அஞ்சினார். அந்த மாதங்களில் அறைக்குள்ளேயே இருந்து பேஸ் கிதாரைப் பழகியதில்தான் தன்னுடைய பாணி உருவானது என்று பின்னர் அவரே கூறியிருக்கிறார். இதைப் படித்துவிட்டுப் போதைக்கும் கலைக்கும் முடிச்சுப் போடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாணியைக் கொடுத்தது அந்தப் பயிற்சி. போதை கொடுத்தது பயத்தை மட்டுமே.

1968-இல் சோஹோ பகுதியின் லா ஷாஸ் என்ற மதுக்கூடத்தில் பாடகர் ஜான் ஆண்டர்சனைச் சந்தித்தார். இருவருக்கும் சைமன் அண்டு கார்ஃபங்கல் இணையின் பாட்டு முறை பிடித்திருந்தது. பேச்சு அங்கே தொடங்கி, அந்த ஆண்டே யெஸ் குழு உருவாவதில் முடிந்தது. யெஸ் வாசித்த பிராக்ரசிவ் ராக் வகை என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது நீண்ட தனி வாசிப்புகளும் சிக்கலான தாளங்களும்தான். ஆனால் இந்தக் குழுவின் தொடக்கப் புள்ளி, குரல்கள் ஒன்றோடொன்று இழைவதில் இருவருக்கும் இருந்த ஆசை.

இப்போது ஒலிக்கு வருகிறேன். ரிக்கன்பேக்கரில் இரண்டு பிக்கப்கள் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பாகங்கள்) உண்டு. கழுத்துப் பக்கம் இருப்பது தடித்த, ஆழமான ஒலியைத் தரும். கம்பிகளின் மறுமுனையைத் தாங்கும் பாலத்தின் பக்கம் இருப்பது கூர்மையான, உலோகத்தன்மை கொண்ட ஒலியைத் தரும். ஸ்குவையர் வாங்கிய கிதாரில் இரண்டும் ஒரே வழியாகத்தான் வெளியே வந்தன. அவர் உள்ளே கம்பியிணைப்பை மாற்றி, இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தார். ஆழமான ஒலி, சிதைவு ஏதுமின்றிப் பேஸ் ஆம்புக்குச் சென்றது. கூர்மையான ஒலி ஃபஸ் (ஒலியைக் கரகரப்பாகச் சிதைப்பது) போன்ற விளைவுகளோடு மற்றொரு ஆம்புக்குச் சென்றது. பேஸ் கிதாரை நேரடியாக ஃபஸ் வழியே செலுத்தினால் அடித்தளம் கரைந்து இரைச்சல் மட்டும் மிஞ்சும் என்பதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள். இவருடைய முறையில் அடித்தளம் அசையாமல் இருக்க, மேலே சீற்றம் கேட்டது. கூடவே ரோட்டோசவுண்ட் நிறுவனத்தின் ரவுண்ட்வூண்ட் (உருண்டைக் கம்பி சுற்றப்பட்ட) கம்பிகள். விரலால் மீட்டாமல் பிக்கால் (சிறு மீட்டுத் தகட்டால்) வாசித்தார். அதிலும் பிக் கம்பியைத் தொட்ட மறுகணம் கட்டைவிரலின் ஓரமும் அதே கம்பியில் உரசும்படி பிடித்தார். அந்த உரசல்தான் சுரத்தின் தொடக்கத்தில் ஒரு சிறு வெடிப்பைச் சேர்க்கிறது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த நுணுக்கம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிக்கை அரை மில்லிமீட்டர் கூடுதலாக வெளியே நீட்டிப் பிடித்தாலும் வெடிப்பு காணாமல் போய்விடுகிறது.

1971 நவம்பரில் வெளிவந்த 'ஃப்ராஜைல்' ஆல்பத்தின் 'ரவுண்டபவுட்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னோக்கி ஓடவிடப்பட்ட பியானோ ஒலி பெருகி வந்து அறுபட, குழுவின் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹௌ அகூஸ்டிக் கிதாரில் மெல்லத் தொடங்குகிறார். அந்த அமைதியைக் கலைத்துக்கொண்டு பேஸ் உள்ளே பாய்கிறது. அந்த இடத்தில் பாடலின் முதன்மை மெட்டே பேஸ் வரிதான். அந்தப் பாடல் சுருக்கப்பட்ட தனித்தட்டாக 1972-இல் அமெரிக்கப் பட்டியலில் 13-ஆம் இடம் வரை சென்றது. எட்டு நிமிடப் பாடலை வெட்டிக் குறுக்கியபோதும் அந்தப் பேஸ் வரியை எவராலும் வெட்ட முடியவில்லை.

அதே ஆல்பத்தில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது. ஸ்குவையர் தன் பங்குக்கு 'தி ஃபிஷ்' என்ற பகுதியை அமைத்தார். அதில் மெட்டு, ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு), தாளக்கூறு எனக் கேட்பவற்றுள் பெரும்பகுதி பேஸ் கிதாரின் வெவ்வேறு ஒலிகளே. ஒவ்வொன்றையும் தனி ட்ராக்காகப் பதிவு செய்து அடுக்கியிருக்கிறார். பலரும் இதை ஒரு ஸ்டூடியோ வித்தையாகப் பார்க்கிறார்கள். எனக்கோ, ஒரே மனிதன் நான்கு குரல்களையும் தானே பாடிப் பார்க்கும் பாடகர் குழுவாகக் கேட்கிறது. ('ஃபிஷ்' என்பது அவருடைய செல்லப்பெயர், குளியல் தொட்டியில் மணிக்கணக்கில் கிடப்பார் என்பதும், மீன ராசிக்காரர் என்பதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.)

1972-இல் வந்த 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தில் 18 நிமிடங்களுக்கு மேல் நீளும் தலைப்புப் பாடலின் நடுவே வேகம் முற்றிலும் அடங்கும் ஒரு பகுதி வரும். அங்கே ஸ்குவையரும் ஹௌவும் ஒரு வரியைப் பாட, ஆண்டர்சன் மேலே வேறொரு வரியைப் பாடுகிறார். ஸ்குவையரின் குரலை விமர்சகர்கள் அதிகம் பேசுவதில்லை. யெஸ் குழுவின் கூட்டுக்குரலில் ஆண்டர்சனுக்கு அடுத்த தூண் அவர்தான். மேடையில் பாடும் வரிக்குப் பொருந்தாத வேறொரு தாளத்தில் கை ஓடிக்கொண்டிருக்க, வாய் சுருதி பிசகாமல் இன்னொரு மெட்டைப் பாடுவது எத்தனை கடினம் என்பது, ஒரு எளிய பாடலைப் பாடிக்கொண்டே பேஸ் வாசிக்க முயன்றவர்களுக்குத் தெரியும்.

அந்த ஆல்பத்தின் பதிவு முடிந்ததும் டிரம்ஸ் கலைஞர் பில் புரூஃபோர்ட் கிங் கிரிம்சன் குழுவுக்குச் சென்றுவிட்டார். ஸ்குவையர் எதற்கும் தாமதமாகவே வருவார் என்று அவர் பலமுறை அலுத்துக்கொண்டதுண்டு. அவருக்குப் பதிலாக வந்த ஆலன் வைட், சில நாட்களிலேயே முழு நிகழ்ச்சியையும் கற்றுக்கொண்டு மேடையேறி, ஸ்குவையரின் இறுதிக்காலம் வரை அவருடன் வாசித்தார்.

என்னைக் கேட்டால், ஸ்குவையரை முழுமையாக அறிய யெஸ் ஆல்பங்களைவிட 1975-இல் அவர் தனியாக வெளியிட்ட 'ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்' உதவும். அதில் முன்னணி எலெக்ட்ரிக் கிதார் கலைஞர் என்று எவரும் இல்லை; அந்த வெற்றிடத்தைப் பேஸ் கிதாரே நிரப்புகிறது. விட்டுச் சென்ற புரூஃபோர்டே வந்து டிரம்ஸ் வாசித்தார். சின் குழுவின் பழைய நண்பர் ஆண்ட்ரூ ஜாக்மன் ஆர்கெஸ்ட்ராவை அமைத்தார். முதல் பாடலில் முழங்கும் குழல் ஆர்கன் செயின்ட் பால் பேராலயத்தினுடையது. அதை வாசித்தவர் கிங்ஸ்பரியில் சிறுவன் ஸ்குவையரைப் பாட வைத்த அதே பாரி ரோஸ். எனவே தேவாலயம் பற்றி மேலே நான் சொன்னதை என் கற்பனை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

அதன் பிறகான ஆண்டுகளில் குழு அரசியலே அதிகம். 1980-இல் ஆண்டர்சனும் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மனும் விலகியபோது, 'பகிள்ஸ்' என்ற பாப் இசை இணையைச் சேர்த்துக்கொண்டு குழுவை ஓட்டினார். 1981-இல் லெட் செப்பலினின் ஜிமி பேஜுடன் தொடங்கிய முயற்சி கூடிவரவில்லை. அடுத்து கிதார் கலைஞர் ட்ரெவர் ராபினுடன் 'சினிமா' என்ற பெயரில் தொடங்கிய குழுவில் ஆண்டர்சன் வந்து சேர, அது மீண்டும் யெஸ் ஆனது. 1983-இன் '90125' ஆல்பத்தின் 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' 1984 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்தப் பாடலில் பேஸ் எவ்வளவு அடக்கமாகவும் கச்சிதமாகவும் இருக்கிறது என்று கவனியுங்கள். எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. 1989-இல் ஆண்டர்சன், புரூஃபோர்ட், வேக்மன், ஹௌ நால்வரும் ஒன்று கூடியும், யெஸ் என்ற பெயர் ஸ்குவையர் தரப்பிடம் இருந்ததால் தங்கள் சொந்தப் பெயர்களிலேயே ஆல்பம் வெளியிட நேர்ந்தது. பெயரை விட்டுத்தராதவர் என்று அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால் அவர் உயிரோடு இருந்தவரை வந்த யெஸ் ஸ்டூடியோ ஆல்பங்கள் அனைத்திலும் வாசித்த ஒரே உறுப்பினர் அவர்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2015 மே மாதம் அவருக்கு அரிய வகை ரத்தப் புற்றுநோய் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. ஜூன் 27 அன்று அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் தன் 67-ஆவது வயதில் காலமானார். குழுவில் அவர் இடத்துக்கு வந்தவர், அவருடன் பல ஆண்டுகள் சேர்ந்து பணியாற்றிய பில்லி ஷெர்வுட். 2017-இல் யெஸ் குழு ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது, 'ரவுண்டபவுட்' பாடலுக்குப் பேஸ் வாசித்தவர் ரஷ் குழுவின் கெடி லீ.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் கைப்பேசியின் ஸ்பீக்கரைத் தவிர்த்து, நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். இல்லாவிட்டால் நான் சொன்ன இரண்டு ஒலிகளில் ஒன்றுதான் காதுக்கு வரும். 'ரவுண்டபவுட்' முதலில். அடுத்து 'ஹார்ட் ஆஃப் தி சன்ரைஸ்': வேகமான தொடக்கம் ஓய்ந்த பின் பேஸும் டிரம்ஸும் மட்டும் நிதானமாகப் பேசிக்கொள்ளும் இடத்தில், ஒவ்வொரு சுரத்துக்கும் இடையே அவர் விடும் இடைவெளியைக் கவனியுங்கள். மூன்றாவதாக 1977-இன் 'அவேக்கன்'. மேடையில் இதற்காக அவர் மூன்று கழுத்துகள் கொண்ட பேஸ் கிதாரைத் தோளில் சுமந்தார். தனி ஆல்பத்தை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.