தாளிப்பதற்கு முன் எடுத்து வையுங்கள்: அடுப்பங்கரையும் வீட்டுப் பிராணிகளும் – கேள்வி பதில்

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பல ஊர்களில் அரசுக் கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர், காட்பாடியில் வசிக்கும் ஒரு மூத்த பெண்மணி. உணவையும் சமையலறையையும் பிராணிகளோடு பகிர்ந்துகொள்வது பற்றி வந்த கேள்விகளுக்கு அவர் பதில் அளிக்கிறார்.

ஆம்பூர்: டாக்டர் அம்மா, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பிரியாணி. மீந்த சோறும் எலும்பும் எங்கள் நாட்டு நாய்க்குத்தான். அவனும் காலையிலிருந்தே காத்திருக்கிறான். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. பிரியாணியில் எவ்வளவு வெங்காயம் விழுகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூண்டு விழுது தனி. இந்த இரண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வதக்கினாலும் வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போவதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனால் நாயின் ரத்தத்தில் கோளாறு தெரியத் தொடங்கும். பூனைக்கு 5 கிராமே போதும். ஒரு வாய் பிரியாணியில் நாய் செத்துவிடாது. ஆனால் சின்ன உடம்பும் பெரிய தட்டும் சேர்ந்தால் கணக்கு மாறிவிடும். அறிகுறியும் அன்றைக்கே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் பழுப்பாகும், நாய் சோர்ந்து படுக்கும். அதற்குள் பிரியாணியை நாம் மறந்திருப்போம்.

அடுத்தது எலும்பு. வெந்த எலும்பு மெல்லும்போது சிம்பு சிம்பாகப் பிளக்கும். அது தொண்டையில் குத்தும், குடலைத் துளைக்கும். நல்லி எலும்பின் வளையம் கீழ்த்தாடையில் மாட்டிக்கொண்டு, வாயை மூட முடியாமல் வந்த நாய்களுக்கு அந்த வளையத்தை அறுத்து எடுத்திருக்கிறேன்.

பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் புளி இருக்கிறது. திராட்சையும் கிஸ்மிஸும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரியும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்காவின் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் அண்மையில் கண்டார்கள். 2022இல் வெளியான அவர்களது ஆய்வில், புளி தின்ற நாய்களுக்கும் அதே சிறுநீரகப் பாதிப்பு வந்தது பதிவாகியிருக்கிறது. புளியில் அந்த அமிலம் நிறையவே உண்டு. புளிக்குழம்பு, காரக்குழம்பு, ரசம் எதுவும் நாயின் தட்டுக்குப் போகக் கூடாது.

அவன் காத்திருப்பது வீணாக வேண்டாம். மசாலா சேர்ப்பதற்கு முன் நான்கு துண்டு கறியை எடுத்து, உப்பில்லாமல் வேகவைத்து, எலும்பை நீக்கி, வெறும் சோற்றோடு பிசைந்து கொடுங்கள். சீரகச் சம்பாச் சோறாகவே இருக்கட்டும், தவறில்லை.

குடியாத்தம்: எங்கள் பாட்டி காலத்திலிருந்து நாய்க்குக் குழம்புச் சோறுதான் போடுகிறோம். ஒன்றும் ஆனதில்லை. இப்போது மட்டும் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: நியாயமான கேள்வி. பாட்டி காலத்து நாய் நாள் முழுவதும் தெருவிலும் வயலிலும் சுற்றியது. எலியும் பிடித்தது, நான்கு வீட்டிலும் சாப்பிட்டது. நம் குழம்பு அதன் உணவில் ஒரு பங்குதான். இன்றைய நாய் நாம் போடுவதை மட்டுமே நம்பி, கட்டிய இடத்தில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. அன்று ஐந்தாறு வயதில் நாய் இளைத்துச் செத்தால், 'நாய்க்கு ஆயுசு அவ்வளவுதான்' என்று புதைத்தார்கள். யாரும் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று எப்படி உறுதியாகச் சொல்வது? நல்ல பராமரிப்பில் நாட்டு நாய் பன்னிரண்டு வயதைத் தாண்டி வாழும்.

கேழ்வரகுக் கூழைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். உப்பில்லாத கூழ் கொஞ்சம் கொடுக்கலாம். ஆடி மாதம் அம்மன் கோயிலில் வாங்கி வருவதில் சின்ன வெங்காயம் கலந்திருக்கும், அது வேண்டாம்.

சத்துவாச்சாரி: என் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வரப்போகிறாள். பூனை இருக்கும் வீட்டில் கருக் கலைந்துவிடும், அதைக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று சம்பந்தியம்மா வற்புறுத்துகிறார். எட்டு வருடம் வளர்த்த பூனை. என்ன செய்வது?

பதில்: பூனையை விடாதீர்கள் அம்மா. எட்டு வருடம் வீட்டில் வளர்ந்தது தெருவில் பிழைக்காது.

சம்பந்தியம்மா பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கான வழிதான் வேறு. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கருவைப் பாதிக்கும், அது பூனையின் மலத்தில் வெளிவரும் என்பது உண்மை. ஆனால் பூனை அதை வாழ்நாள் முழுவதும் வெளியேற்றிக்கொண்டிருப்பதில்லை. முதன்முறை தொற்றும்போது ஒன்று முதல் மூன்று வாரம் வரை வெளியேற்றும், பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். வெளிவந்ததும் உடனே தொற்றாது. தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். ஆகவே மலத்தட்டை நாள்தோறும் சுத்தம் செய்துவிட்டால் ஆபத்து மிகவும் குறைந்துவிடுகிறது. அந்த வேலையை மகள் செய்ய வேண்டாம், நீங்களோ வீட்டுக்காரரோ செய்யுங்கள். பூனைக்குப் பச்சைக் கறி, பச்சை மீன் கொடுக்காதீர்கள். எலி பிடிக்க வெளியே விடாதீர்கள். பூனையைத் தடவுவதாலோ மடியில் வைப்பதாலோ இது பரவுவது அரிது. சாப்பிடும் முன் கையைக் கழுவினால் போதும்.

பூனையை மட்டும் பார்த்துக்கொண்டு சமையலை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை. அரைவேக்காட்டு ஆட்டுக்கறி, சரியாகக் கழுவாத கீரை, வெறுங்கையால் தோட்ட மண்ணைக் கிளறுவது, இவற்றாலும் இதே ஒட்டுண்ணி வருகிறது. கறி நறுக்கிய பலகையில் வெள்ளரிக்காயை நறுக்காதீர்கள். மகளைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லுங்கள். தேவையென்றால் ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். அந்த முடிவைச் சம்பந்தியம்மாவிடம் காட்டினால் அவருக்கும் நிம்மதி.

ஆரணி: நாங்கள் சைவம். எங்கள் பூனைக்குப் பாலும் தயிர்ச்சாதமும்தான். இப்போது இருட்டில் சுவரில் முட்டிக்கொள்கிறது. வயதாகிவிட்டதா? நான்கு வயதுதான்.

பதில்: நான்கு வயது பூனைக்கு வயதாகவில்லை. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பூனைக்கு டாரின் என்ற சத்து இன்றியமையாதது. அதைத் தன் உடம்பிலேயே போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள பூனையால் முடியாது. கறியிலும் மீனிலும்தான் கிடைக்கும். அது இல்லாவிட்டால் விழித்திரை கெடும், இதயத் தசை வீங்கித் தளரும். விழித்திரையில் போனது திரும்பாது. இதயத்தை நேரத்தோடு பார்த்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். நாய் ஓரளவு சைவத்தில் சமாளிக்கும், பூனையால் முடியாது. வீட்டில் அசைவம் சமைக்க வேண்டாம் என்றால், பூனைக்கென்றே தயாரித்த உலர் தீவனத்தைத் தனி டப்பாவில், தனிக் கரண்டியோடு, கூடத்தில் வையுங்கள். உங்கள் ஆசாரமும் காப்பாற்றப்படும், பூனையும் பிழைக்கும். பாலை நிறுத்துங்கள், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காமல் வயிற்றுப்போக்குத்தான் வரும்.

காட்பாடி: பூனை அடுப்பு மேடையில் ஏறுகிறது. அடித்தாலும் கேட்கவில்லை.

பதில்: அடிக்காதீர்கள். மீன் கழுவிய மேடையைத் துடைக்காமல் விட்டால் ஏறத்தான் செய்யும். அதற்கு உயரமான இடம் பிடிக்கும். ஜன்னல் ஓரம் ஒரு பலகை அடித்துக் கொடுங்கள். மேடையைச் சமையலுக்கு முன்னும் பின்னும் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். பினாயில் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் முறித்து வெளியேற்ற முடியாது. துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும்.

மேடை ஓரத்தில் மாத்திரை டப்பா வைக்கும் வழக்கமும் பல வீடுகளில் உண்டு. ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். காய்ச்சல் என்று அதற்கு அரை மாத்திரை கொடுக்கிறார்களே, தயவுசெய்து செய்யாதீர்கள்.

ராணிப்பேட்டை: தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் நண்பர் தோல் துண்டுகள் தருகிறார். நாய்க்குக் கடிக்கக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. பதனிட்ட தோலில் குரோமியம் உப்பு இருக்கும். பதனிடாத தோலில் பதப்படுத்தப் போட்ட உப்பு இருக்கும். இரண்டும் கெடுதல். விழுங்கினால் குடலையும் அடைக்கும்.

போளூர்: பூஞ்சை பிடித்த மல்லாட்டையை (நிலக்கடலையை) நாய்க்குப் போடலாமா? நாங்கள் சாப்பிட மாட்டோம், வீணாகிறது.

பதில்: வீணாகட்டும். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நச்சு நாயின் கல்லீரலை அழித்துவிடும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. மாட்டுக்கும் கோழிக்கும் கூடப் போடாதீர்கள்.

வேலூர், கோட்டை அருகில்: லவ் பேர்ட்ஸ் கூண்டைச் சமையலறை ஜன்னலில் மாட்டியிருக்கிறோம். தவிர, ஒரு பச்சைக்கிளி வாங்கவும் ஆசை.

பதில்: கூண்டை இன்றே வேறு அறைக்கு மாற்றுங்கள். நான்ஸ்டிக் தோசைக்கல் அடுப்பில் வெறுமனே காய்ந்து சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், அதன் பூச்சிலிருந்து வரும் புகை சில நிமிடங்களில் பறவைகளைக் கொன்றுவிடும். நமக்கு வாசனைகூடத் தெரியாது. பச்சைக்கிளி வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம்.

வாலாஜாபேட்டை: என் மூன்று வயது மகன் பிஸ்கட்டை ஒரு கடி தான் கடித்து, ஒரு கடி நாய்க்குக் கொடுக்கிறான். தட்டையும் நாய் நக்குகிறது. வெறிநோய் வருமா?

பதில்: முறையாகத் தடுப்பூசி போட்ட, ஆரோக்கியமான வீட்டு நாய் என்றால் பதற வேண்டாம். ஆனாலும் பழக்கத்தை நிறுத்துங்கள். நாயின் எச்சில் காயமில்லாத தோலில் பட்டால் கழுவினால் போதும். புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ பட்டால் அது வேறு. தடுப்பூசி போடாத நாயாக இருந்தால் 15 நிமிடம் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு (புண்ணுக்குச் சோப்பும் போட்டு) அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது, அதன்பின் ஆண்டுதோறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்தும் கொடுங்கள். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் வெறிநோயைவிட அடிக்கடி நடப்பது புழுத் தொற்றுதான்.

நாய்க்குத் தனி எவர்சில்வர் தட்டு, அதைத் தேய்க்கத் தனி நார். சித்திரை, வைகாசி வெயிலில் ஈரமான உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டில் விடாதீர்கள்.

ஆற்காடு: இதை எழுதும் இப்போதுதான் பார்த்தேன். எங்கள் பொமரேனியன் மேஜையில் இருந்த மக்கன் பேடா இனிப்பையும் ஒரு கைப்பிடி கிஸ்மிஸையும் தின்றுவிட்டது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

பதில்: உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள், அந்த உப்பே உயிருக்கு ஆபத்து. ஓடிக்கொண்டிருக்கிறது என்று காத்திருக்கவும் வேண்டாம். சிறுநீரகம் கெடுவது ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அவ்வளவு சின்ன நாய்க்கு ஒரு கைப்பிடி கிஸ்மிஸ் மிகவும் அதிகம். தின்று இரண்டு மணி நேரத்துக்குள் போனால் மருத்துவர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்க முடியும். எத்தனை மணிக்கு, எவ்வளவு தின்றது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கிஸ்மிஸ் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்புங்கள்.