இடதுமூலை மங்கல்: வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

முந்திரித் தோப்பில் செவ்வெறும்புகளைக் கிட்டத்தில் படமெடுக்கவேண்டும் என்று பழைய 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்கினேன். கேமரா ஃபுல் ஃபிரேம், அதாவது 36 மி.மீ. அகல சென்சார். சோதித்துப் பார்க்க மேசைமேல் ஓர் அஞ்சல்தலையை வைத்து 1:1-இல், அதாவது பொருளின் அசல் அளவே சென்சாரில் விழும்படி, எடுத்தேன். லென்ஸின் துளையை அகலத் திறந்த எஃப் 4-இல் இடதுமூலை மங்கல். துளையைச் சுருக்கி எஃப் 22 வைத்தால் மூலை சரியாகிறது, ஆனால் படம் முழுக்க மசமசவென்று இருக்கிறது. லென்ஸ் பழுதா? திருப்பிக் கொடுக்க நான்கு நாள்தான் அவகாசம்.

ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

அஞ்சல்தலையை எடுத்துப் பார்த்தது நல்ல காரியம். பலர் மாடியிலிருந்து எதிர்வீட்டுச் சுவரை எடுத்துவிட்டு மேக்ரோ லென்ஸுக்குத் தீர்ப்புச் சொல்கிறார்கள். கிட்டத்தில் பார்க்கவென்றே செய்த கண்ணாடியைக் கிட்டத்தில்தான் சோதிக்கவேண்டும்.

மசமசப்புக்கு லென்ஸைக் குறைசொல்லாதீர்கள். 1:1-இல் அப்பர்ச்சர் எண்ணை, அதாவது இந்த எஃப் எண்ணை, ஏறக்குறைய இரண்டால் பெருக்கிக்கொள்ளவேண்டும். எஃப் 22 என்று வைத்தது எஃப் 44 போல வேலை செய்திருக்கிறது. அத்தனை சிறிய துளையில் ஒளி வளைந்து பரவிவிடும், எந்த உயர்ந்த லென்ஸும் இதற்குத் தப்பாது. எஃப் 4, 5.6, 8 மூன்றிலும் எடுத்து ஒப்பிடுங்கள், போதும்.

மூலைதான் யோசிக்கவேண்டிய விஷயம். 1:1-இல் எஃப் 8-இல்கூடத் தெளிவாக விழும் ஆழம் 1 மி.மீ. அளவுதான், ஃபோகஸுக்கு முன்னே பாதி, பின்னே பாதி. மேசை 2 டிகிரி சாய்ந்தால் போதும், 36 மி.மீ. அகலக் காட்சியின் விளிம்பு 0.6 மி.மீ. விலகிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடித்துண்டு ஒன்றை அஞ்சல்தலை இருந்த இடத்தில் படுக்கப்போடுங்கள். ஃபோகஸைத் தள்ளிவைத்தால் லென்ஸின் வட்டம் திரையில் தெரியும். அது நட்டநடுவில் வரும்வரை கேமராவைச் சரித்துச் சரிசெய்யுங்கள். நானும் ஒருமுறை இடதுபக்கம் மங்கலென்று ஒரு லென்ஸைத் திருப்பி அனுப்பப் பெட்டி கட்டிவிட்டேன். கண்ணாடியை வைத்துப் பார்த்தபோதுதான் மேசை சாய்ந்திருப்பது தெரிந்தது. இன்றும் அந்த லென்ஸில்தான் எடுக்கிறேன்.

அஞ்சல்தலையின் ஓரம் சுருளாமல் ஒட்டிவிடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு 2 விநாடி டைமரில் எடுங்கள்.

ஸ்டீல் ஸ்கேல் ஒன்றைச் சாய்த்துவைத்து எஃப் 4-இல் எடுத்தால் லென்ஸின் உண்மைக் குணம் தெரியும். ஃபோகஸுக்கு முன்னால் உள்ள கோடுகளில் ஊதாவும் பின்னால் பச்சையும் எவ்வளவு படிகிறது என்று பாருங்கள். எறும்பின் பளபளக்கும் தலையிலும் இதே நிறங்கள் வரும்.

பழைய லென்ஸ், அதுவும் கடற்காற்று வீசும் ஊர். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி இழைபோல் ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை, வேறெதுவும் பார்க்காமல் திருப்பிவிடுங்கள்.

கடைசியாக, கேமராவை நேர்படுத்தியபின் மங்கிய மூலையிலேயே ஃபோகஸ் வைத்து எடுங்கள். மற்ற மூன்று மூலைகளுக்கும் இதேபோல் செய்யுங்கள். அந்த ஒரு மூலை மட்டும் எப்படியும் தெளியவில்லையென்றால் உள்ளே ஒரு கண்ணாடி இடம் விலகியிருக்கிறது. நான்காம் நாள்வரை வைத்திருக்காதீர்கள்.